ஏழு ஸ்டேஷன் இருக்கு, லோக்கல் டிரெயின் மட்டும் இல்ல

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, சோம்பேறித்தனத்துல தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. திருச்சிக்காரங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். மத்த ஊர் மக்கள் கொஞ்சம் பொறுமையா படிங்க. ஊரோட அமைப்பை மனசுல வாங்கிக்கிட்டா நான் எதுக்கு இப்படிப் புலம்பறேன்னு புரிஞ்சிடும்.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

நான் எட்டாவது படிக்கும்போது நாங்க ஜீயபுரத்துல இருந்தோம். பெரியப்பா அரியலூர் பக்கம். வரேன்னு கார்டு போட்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை பாசஞ்சர்ல வந்து டவுன்ல இறங்கிடறேன், பையனை அனுப்பு"ன்னு எழுதியிருந்தது. எங்களுக்கு டவுன்னா என்ன? ஜீயபுரத்துல வண்டி ஏறினா முத்தரசநல்லூர், அதை விட்டா குடமுருட்டிப் பாலம், தூரத்துல மலைக்கோட்டை, அப்புறம் ஃபோர்ட் ஸ்டேஷன். மளிகை, துணிமணி, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அங்கதான் இறங்குவோம். "டவுனுக்குப் போயிட்டு வரேன்"னா ஃபோர்ட்டுல இறங்கறதுன்னு அர்த்தம். அப்பாவும் யோசிக்கல, என்னை ஃபோர்ட்டுக்கு அனுப்பிட்டார்.

நான் பிளாட்பாரத்துல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா வந்தது நிஜமாவே 'டவுன்' ஸ்டேஷனுக்கு. அது மலைக்கோட்டைக்கு அந்தப் பக்கம், தேவதானத்துக்கிட்ட, வேற பாதையில இருக்கற வேற ஸ்டேஷன். அரியலூர்லேர்ந்து வர வண்டி ஃபோர்ட்டை எட்டிக்கூடப் பாக்காது. மனுஷன் அங்க கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, முந்திரிப்பருப்புப் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு, விசாரிச்சு விசாரிச்சு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வழியா மெயின்கார்டு கேட் வந்து, அங்கேர்ந்து ஃபோர்ட் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்து சேர்ந்தார். வந்ததும் முதல் வார்த்தை, "ஏன்டா, ஒரு ஊருக்கு எத்தனை ஸ்டேஷன்டா வச்சிருக்கீங்க?"

அன்னிக்கு எனக்குப் பதில் தெரியல. இப்ப எண்ணிச் சொல்றேன். ஜங்ஷன், பாலக்கரை, ஃபோர்ட், பொன்மலை, டவுன், ஸ்ரீரங்கம், திருவெறும்பூர். மாநகராட்சிக்குள்ள எனக்குத் தெரிஞ்சு ஏழு. கொஞ்சம் வெளிய போனா ஒரு பக்கம் முத்தரசநல்லூர், ஜீயபுரம், குளித்தலை. இன்னொரு பக்கம் உத்தமர்கோயில், வாளாடி, லால்குடி. திண்டுக்கல் பாதையில பூங்குடி, புதுக்கோட்டைப் பாதையில குமாரமங்கலம். ஜங்ஷன்லேர்ந்து கிளம்பற பாதைகள் ஊரை விட்டு எல்லாத் திசைக்கும் போகுது. தமிழ்நாட்டுல சென்னையை விட்டா இந்த மாதிரி ரயில் பாதை சுத்தி வளைச்சிருக்கிற ஊர் எத்தனை இருக்கும்னு நீங்களே சொல்லுங்க.

ஆனா 'லோக்கல் டிரெயின்'னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணு, காலையில எட்டரைக்கு விட்டா ஒன்பது மணிக்கு இன்னொண்ணு இருக்கும்னு நம்பி வீட்டை விட்டுக் கிளம்பற மாதிரி ஒண்ணு, இந்த ஊருக்கு இல்ல. இருக்கறதெல்லாம் விழுப்புரத்துக்கும் ஈரோட்டுக்கும் மயிலாடுதுறைக்கும் போற வழியில நம்மளையும் ஏத்திக்கிட்டுப் போற பாசஞ்சர் வண்டிகள்தான். அந்த வண்டிகளோட நேரம் அந்தத் தூரத்து ஊர்களை வச்சுப் போட்டது. நம்ம ஆபீஸ் நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

இதுல எனக்குப் பொறுக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கொஞ்சம் சரித்திரம் பேசணும்.

தெற்குல ரயில் போட வந்தது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேங்கற கம்பெனி. நாகப்பட்டினத்துத் துறைமுகத்துல ஆரம்பிச்சு, தஞ்சாவூர் வழியா 1861-62ல திருச்சி வரைக்கும் பாதை வந்துடுச்சு. 1866ல கரூருக்கும், அடுத்த ரெண்டு வருஷத்துல ஈரோட்டுக்கும் நீட்டினாங்க. அந்தக் கரூர் பாதையிலதான் இன்னிக்கும் பாலக்கரையும் ஃபோர்ட்டும் இருக்கு. அந்த 1860கள்லதான் திருச்சிக் கோட்டைச் சுவரை இடிச்சு அகழியைத் தூர்த்ததும். இப்ப மிச்சம் நிக்கறது மெயின்கார்டு கேட்தான். அதாவது கோட்டை போற காலத்துல அதோட பேரைத் தாங்கிக்கிட்டு நிக்க ஒரு ஸ்டேஷன்.

1874ல அந்தக் கம்பெனி கர்நாடிக் ரயில்வேயோட சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆச்சு. நாகப்பட்டினத்துல இருந்த தலைமை ஆபீஸ் பிற்பாடு திருச்சிக்கு வந்தது. 1928ல ஒர்க்ஷாப்பும் நாகையிலேர்ந்து பொன்மலைக்கு வந்துடுச்சு. (நாகப்பட்டினத்துக்காரங்க எங்க மேல கோபப்பட நியாயம் இருக்கு. செயின்ட் ஜோசப் காலேஜ் கூட அங்க 1844ல ஆரம்பிச்சு 1883ல இங்க வந்ததுதான். நல்லது எதுவுமே அவங்ககிட்ட விட்டு வைக்கல போல.)

இப்ப விஷயத்துக்கு வரேன். சென்னையில பீச்சுலேர்ந்து தாம்பரம் வரைக்கும் எலெக்ட்ரிக் டிரெயின் விட்டாங்களே, 1931ல... அதை விட்டது யாரு? இதே சவுத் இந்தியன் ரயில்வே. தலைமை ஆபீஸ் எங்க? திருச்சி. மீட்டர் கேஜ் பாதையில போட்ட அந்த லோக்கல் வண்டி 2004 வரைக்கும் ஓடுச்சு. சென்னைக்குத் தெற்கால பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம்னு ஊர் நீண்டதுக்கு அந்த வண்டி ஒரு பெரிய காரணம். ஸ்டேஷன் இருந்தது, வண்டி அடிக்கடி வந்தது, ஜனங்க பக்கத்துல வீடு கட்டிக்கிட்டாங்க.

மெட்ராஸுக்கு எலெக்ட்ரிக் டிரெயின் விட்ட கம்பெனி, தான் உட்கார்ந்திருந்த ஊருக்கு ஒரு கரி வண்டி லோக்கல் சர்வீஸ்கூட முறையா நடத்தணும்னு நினைக்கல. சரி, அன்னிக்குத் திருச்சி சின்ன ஊரு, விட்டுடலாம். 1951ல கம்பெனி போயி சதர்ன் ரயில்வே வந்துடுச்சு, தலைமையிடம் சென்னைன்னு ஆயிடுச்சு, அதையும் விடலாம். ஆனா அதுக்கப்புறம் இங்க பெல் வந்தது, துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது, துவாக்குடி வரைக்கும் ஊர் போயிடுச்சு. இந்தப் பக்கம் சமயபுரம் வரைக்கும் மனை போட்டு வித்தாச்சு. ஊட்டி மலை ரயிலுக்குப் புதுசா நீராவி எஞ்சின் செஞ்சு அனுப்பற அளவுக்குப் பொன்மலையில தொழில் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க. 2014ல ஜங்ஷன் பக்கத்துல ரயில் மியூசியம்கூடத் திறந்தாங்க. நல்லாத்தான் இருக்கு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. ஆனா பழைய ரயிலைப் பாக்க ஒரு இடம் வச்சவங்க, தினம் ஏறிப் போக ஒரு ரயில் விடலைங்கறதுதான் என் வருத்தம்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் கதை கொஞ்சம் வேற. முதல்ல மெட்ராஸ்லேர்ந்து திருச்சிக்கு வர வண்டி சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர்னு சுத்திக்கிட்டுத்தான் வரும். 1920களோட கடைசியில விழுப்புரத்துலேர்ந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியா நேரா ஒரு பாதை போட்டாங்க, அதுதான் கார்டு லைன். அதுல கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டி ரயில் ஊருக்குள்ள நுழையுது. ரெண்டு ஆத்துக்கும் நடுவுல ஸ்ரீரங்கம், காவிரிக்கு இந்தக் கரையில டவுன் ஸ்டேஷன், அப்புறம் பொன்மலை, ஜங்ஷன். பெரியப்பா வந்த பாதை இதுதான்.

அதாவது ஃபோர்ட்டும் டவுனும் அறுபது வருஷ இடைவெளியில, ரெண்டு வேற பாதைக்காக வந்த ஸ்டேஷன். ஒண்ணுக்கொண்ணு நடந்து போற தூரம், நடுவுல மலைக்கோட்டை. ஆனா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு ரயில்ல போகணும்னா ஜங்ஷன் போயி வண்டி மாறித்தான் வரணும். ஃபோர்ட் ஸ்டேஷன் கோட்டைக்கு வெளிய, டவுன் ஸ்டேஷன் டவுனுக்கு ஓரம். பேர் வச்ச புண்ணியவான் யாரோ :-)

சரி, ஏன் இப்ப இதை எழுதறேன்?

என் தங்கச்சி வாழ்க்கைப்பட்டது லால்குடியில. வேலை கன்டோன்மென்ட்டுல ஒரு தனியார் ஆபீஸ்ல. 2022 செப்டம்பர்ல காவிரிப் பாலத்தைப் பழுது பாக்க மூடினாங்க இல்லையா, 2023 மார்ச்லதான் திறந்தாங்க. 1976ல கட்டின பாலம், பழுது பாத்தே ஆகணும், அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. முதல்ல டூவீலர் மட்டும் விட்டாங்க, அப்புறம் அதுவும் இல்லைன்னு ஆயிடுச்சு. மாம்பழச்சாலையிலேர்ந்து சிந்தாமணிக்கு வர பாலம் தாண்ட அஞ்சு நிமிஷம் ஆகாது. அதுக்கு சென்னை பைபாஸ் பாலத்தைச் சுத்திக்கிட்டு ஊரே போச்சு. ஸ்கூல் பிள்ளைங்க, பூ விக்கறவங்க, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எல்லாரும். தங்கச்சி அந்த ஆறு மாசமும் வீட்டை விட்டு ஏழேகால் மணிக்கே கிளம்புவா.

அந்த ஆறு மாசமும் ரோட்டுப் பாலத்துக்குக் கிழக்கே ரயில் பாலம் நின்னுக்கிட்டே இருந்தது. ரெட்டைப் பாதை, கரன்ட் கம்பி எல்லாம் போட்டது. அது மேல வைகையும் பல்லவனும் போச்சு, சரக்கு வண்டி போச்சு. லால்குடிலேர்ந்து ஜங்ஷனுக்கு காலையில நாலு நடை, சாயந்திரம் நாலு நடைன்னு ஒரு சின்ன வண்டி விட்டிருந்தா அந்த ஆறு மாசத்துலேயே ஜனங்களுக்குப் பழகியிருக்கும். பாலம் திறந்தப்புறமும் பாதிப் பேர் அதுலேயே போயிருப்பாங்க. அப்படி ஒரு சந்தர்ப்பம் திரும்ப வராதுன்னு நினைச்சேன். அடுத்த வருஷமே வந்தது. ஃபோர்ட் ஸ்டேஷன் மேல இருக்கற மாரிஸ் தியேட்டர் பாலத்தை இடிச்சுக் கட்ட எடுத்துக்கிட்டாங்க. நூத்தம்பது வருஷத்துக்கும் மேல ஆன பாலம், அதையும் குத்தம் சொல்ல முடியாது. சாலை ரோடு, மெயின்கார்டு கேட் போக்குவரத்து முழுக்கத் திசை மாறிச்சு. அடியில ரயில் பாட்டுக்கு ரயில் போயிக்கிட்டிருந்தது. அதுலயும் குளித்தலையிலேர்ந்தோ ஜீயபுரத்துலேர்ந்தோ ஒரு லோக்கல் வரல.

இந்த இடத்துல நண்பர் ஒருத்தர் (ரயில்வேயில இருந்து ரிடையர் ஆனவர்) என்னைப் பிடிச்சு உலுக்கினார். அவர் சொன்னதையும் சொல்லிடணும், இல்லேன்னா நியாயம் இல்ல. "தம்பி, கார்டு லைன்னா என்னன்னு நினைச்சே? சென்னையிலேர்ந்து தெக்கே போற வண்டி அத்தனையும் அதுல. ராத்திரி ஒண்ணு பின்னால ஒண்ணு வருது. ஜங்ஷன் யார்டுல பிளாட்பாரம் கிடைக்காம வெளிய சிக்னல்ல நிக்கறது உனக்குத் தெரியாதா? அங்க உன் லோக்கலைக் கொண்டு வந்து எங்க நிறுத்தறது? கரூர் பாதை ஒத்தைப் பாதை. எதிர்ல வண்டி வந்தா ஒதுங்கி நிக்கணும். ஒன்பது மணிக்கு ஆபீஸ் போறவன் பத்து மணிக்குப் போயி நிப்பான், அப்புறம் அடுத்த நாள் பஸ்ல ஏறிடுவான்."

உண்மைதான். மறுக்கல. ஆனா அவர் சொன்ன கூட்டமெல்லாம் ஜங்ஷனோட கூட்டம். எல்லா வண்டியும் ஜங்ஷனுக்குள்ளதான் வந்து நிக்கணும்னு எதுக்கு? லால்குடி வண்டி பொன்மலையோட நிக்கட்டுமே. அங்கேர்ந்து ஜங்ஷனுக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? விழுப்புரம் பாதையை ரெட்டைப் பாதை ஆக்கி வருஷம் ஆச்சு. ராத்திரி எக்ஸ்பிரஸ் நெரிசல் காலையில எட்டு மணிக்கும் அப்படியே இருக்கப் போறதில்ல. கரூர் பக்கம் ஒத்தைப் பாதைங்கறது நிஜமான சிக்கல். அதுக்கு நாள் பூரா வண்டி கேக்கல, ஆபீஸ் நேரத்துக்கு ரெண்டு போதும்.

அவர் சொல்லாத இன்னொரு கஷ்டமும் இருக்கு, நானே சொல்லிடறேன். 2021லேர்ந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் இருக்கு, ஒண்ணு போனா பின்னாலேயே இன்னொண்ணு. வாசல்ல ஏறி வாசல்ல இறங்கலாம். ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஜங்ஷனுக்கு ஓசியில போறவங்களை ரயிலுக்கு வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டாங்க. அதனால லோக்கல் டிரெயின் ஸ்ரீரங்கத்துக்காகன்னு நினைச்சா தோத்துடும். அது லால்குடிக்காரங்களுக்கு, வாளாடிக்காரங்களுக்கு, குளித்தலை, பேட்டைவாய்த்தலை, பூதலூர்க்காரங்களுக்கு. பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுக்கிட்டே வர ஜனங்களுக்கு. வழியில ஸ்ரீரங்கமும் டவுனும் ஃபோர்ட்டும் பயன்பட்டா லாபம்.

காசு விஷயத்துலயும் இந்த ஜனங்கதான் அடி வாங்கினாங்க. 2020 மார்ச்ல கொரோனாவுக்கு நிறுத்தின பாசஞ்சரைத் திரும்ப விட்டப்ப, எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்னு பேரை மாத்தி, பத்து ரூபாயா இருந்த குறைஞ்சபட்ச டிக்கெட்டை முப்பது ஆக்கினாங்க. வண்டி அதே வண்டி, அதே வேகம், நிக்கற ஸ்டேஷனும் அதேதான். 2024 பிப்ரவரியிலதான் பழையபடி பத்து ரூபாய் ஆச்சு. நடுவுல வருஷக்கணக்கா, லால்குடிலேர்ந்து டவுனுக்குக் கீரைக்கட்டு கொண்டு வர அம்மா முப்பது கொடுத்து வரணும்னா எப்படி வரும்? பஸ்ஸுக்குப் போயிடுச்சு. அப்புறம் "பாசஞ்சர்ல கூட்டம் இல்லை"ன்னு கணக்கு வரும். கூட்டத்தை விரட்டினது யாரு?

மெட்ரோ வருதுன்னு சில பேர் சொல்றாங்க. சமயபுரத்துலேர்ந்து வயலூருக்கு ஒண்ணு, துவாக்குடிலேர்ந்து பஞ்சப்பூருக்கு ஒண்ணு, மொத்தம் 45 கிலோமீட்டர்னு சாத்தியக்கூறு அறிக்கை வரைக்கும் போச்சு. வந்தா சந்தோஷம்தான். ஆனா 2025 நவம்பர்ல கோயம்புத்தூர், மதுரைத் திட்டங்களையே 20 லட்சம் ஜனத்தொகை இல்லைன்னு காரணம் காட்டி மத்திய அரசு திருப்பி அனுப்பிடுச்சு. 2011 கணக்குப்படி நாங்க சுத்துப்புறத்தையும் சேர்த்தே பத்து லட்சம் சொச்சம். எங்க வரிசை எப்ப வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. துவாக்குடி பக்கமும் கொஞ்சம் பாருங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே திருவெறும்பூர்ல ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. 1860கள்லேர்ந்து அந்தப் பாதை அங்க கிடக்கு.

2025 மே மாசம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனைப் புதுப்பிச்சுத் திறந்து வச்சாங்க, அம்ருத் பாரத் திட்டத்துல. முகப்பெல்லாம் கோயில் சாயல்ல, பாக்க அழகாத்தான் இருக்கு. வைகுண்ட ஏகாதசிக்கு வரவங்களுக்கு நல்ல வசதி. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஸ்டேஷனுக்கு முகப்பைவிட முக்கியம் நேர அட்டவணை. சுண்ணாம்பு உதிர்ந்த ஸ்டேஷனா இருந்தாலும் அரை மணிக்கு ஒரு வண்டி நின்னா அங்க வாசல்ல ஒரு டீக்கடை வந்துடும், ஆட்டோ ஸ்டாண்ட் வந்துடும், சைக்கிள் நிறுத்த ஒருத்தர் கொட்டகை போட்டுடுவார். கிரானைட் போட்டுட்டு வண்டியைக் கூட்டாம விட்டா வாசல்ல வெயில்தான் இருக்கும்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. புதுப் பாதை வேண்டாம். காலையில ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவுல லால்குடி பக்கத்துலேர்ந்து மூணு, குளித்தலை பக்கத்துலேர்ந்து ரெண்டு, பூதலூர் பக்கத்துலேர்ந்து ரெண்டு. சாயந்திரம் அதே மாதிரி திரும்ப. எட்டுப் பெட்டி மெமு போதும். டவுன் ஸ்டேஷன்லேர்ந்து சத்திரத்துக்கும், ஃபோர்ட்டுலேர்ந்து சத்திரத்துக்கும் வண்டி நேரத்துக்கு ஒரு மினி பஸ். டவுன், ஃபோர்ட் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த ரெண்டு மூணு கிலோமீட்டரை மினி பஸ் சரி பண்ணிடும், பாதை போட வேண்டியதில்ல. ஒரு வருஷம் ஓட்டிப் பாக்கட்டும், கூட்டம் வரலேன்னா நிறுத்திடட்டும். ஆனா ஒரு வருஷம் நேரம் மாத்தாம ஓட்டணும். இன்னிக்கு எட்டு இருபது, அடுத்த மாசம் ஏழு ஐம்பதுன்னா யார் நம்பி வருவா?

தங்கச்சிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். சரித்திரம் எல்லாம் பொறுமையா கேட்டுட்டு, "அண்ணே, காலையில எப்படியோ அடிச்சுப் பிடிச்சு வந்துடறேன். எனக்கு சாயந்திரம் ஆறேகாலுக்கு மேல லால்குடிக்கு உறுதியா ஒரு வண்டி இருந்தா போதும். எழுதறதுதான் எழுதறே, அதை முதல்ல எழுது"ன்னா.

முதல்ல எழுதல. கடைசியில எழுதிட்டேன்.

பி.கு: பெரியப்பா கொண்டு வந்த முந்திரிப்பருப்புல கால்வாசியை ஃபோர்ட் ஸ்டேஷன்லேர்ந்து வீடு போறதுக்குள்ள நான் தின்னுட்டேன். ரெண்டு மணி நேரம் காத்திருந்ததுக்குக் கூலின்னு அவரே எடுத்துக் கொடுத்தது.